நூறாவது நாளுக்கு முன்பே முடிந்துவிடும் விடுப்பு

எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைப் பிரிவில் நாட்களை எண்ணும் முறையே தனி. கொடையாளரின் ஸ்டெம் செல்கள் ஒரு சிறிய பையிலிருந்து ரத்தக்குழாய் வழியாக உடலுக்குள் இறங்கும் நாள் ‘டே ஜீரோ’. அதற்கு முந்தைய வாரம், பழைய மஜ்ஜையை அழிக்கும் வீரியமான மருந்துகள் ஏற்றப்படும் நாட்களுக்கு மைனஸ் கணக்கு. பிறகு ஒன்று, இரண்டு என்று ஏறி நூறாவது நாளைத் தொட்டால், மருத்துவரும் குடும்பத்தாரும் கொஞ்சம் மூச்சுவிடுகிறார்கள். இந்த சிகிச்சைக்காக 1990இல் நோபல் பரிசு பெற்ற டோனல் தாமஸ், 1957இல் தன் முதல் ஆறு நோயாளிகளைப் பற்றி எழுதியபோது, அவர்களில் ஒருவர்கூட நூறு நாட்களைத் தாண்டியிருக்கவில்லை. அன்று எட்டாத அந்த நூறாவது நாளை இன்று பெரும்பாலோர் கடந்துவிடுகிறார்கள்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, தனியார் துறை ஊழியருக்கு ஓராண்டில் அதிகபட்சம் 90 நாட்கள் நோய் விடுப்பு. முதல் 15 நாள் முழுச் சம்பளம், அடுத்த 30 நாள் பாதிச் சம்பளம், மீதி 45 நாள் சம்பளமில்லை. அதற்குப் பிறகும் வேலைக்குத் திரும்ப முடியாதவரை நிறுவனம் பணியிலிருந்து நீக்கலாம். சவுதி அரேபியாவில் 120 நாட்கள். கத்தாரில் 12 வாரம் முடிந்ததும் இதே நிலைமை. அதாவது துபாயிலோ அபுதாபியிலோ மஜ்ஜை மாற்று சிகிச்சைக்காகப் படுக்கும் ஒரு தமிழ்த் தொழிலாளியின் விடுப்பு, அவர் நூறாவது நாளைப் பார்ப்பதற்கு முன்பே தீர்ந்துவிடுகிறது. வேலை போனால் விசா போகிறது, விசாவோடு மருத்துவக் காப்பீடும் போகிறது.

கை முறிவுக்கும் குடல்வால் அறுவைக்கும் 90 நாள் தாராளம். சட்டத்தை எழுதியவர்கள் அவற்றைத்தான் மனதில் வைத்திருப்பார்கள். இந்த சிகிச்சை அமீரகத்துக்கு வந்ததே தாமதமாகத்தான். வளைகுடாவில் முந்திக்கொண்டது சவுதி. ரியாத் கிங் பைசல் சிறப்பு மருத்துவமனை 1984லேயே தொடங்கிவிட்டது. ஓமனின் சுல்தான் காபூஸ் பல்கலைக்கழக மருத்துவமனை 1994இல் தொடங்கியது. அமீரகத்து நோயாளிகள் ஜெர்மனிக்கும் அமெரிக்காவுக்கும் இந்தியாவுக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். 2020இல்தான் அபுதாபி ஸ்டெம் செல் மையம், ஷேக் கலீபா மெடிக்கல் சிட்டியுடன் சேர்ந்து நாட்டின் முதல் மாற்று சிகிச்சையைச் செய்தது. 2022இல் அபுதாபி புர்ஜீல் மெடிக்கல் சிட்டியில், அரிவாள் செல் ரத்தசோகையோடு உகாண்டாவிலிருந்து வந்த ஐந்து வயதுச் சிறுமிக்கு அவளுடைய பத்து வயது அக்காவின் மஜ்ஜை செலுத்தப்பட்டது. அமீரகத்தில் ஒரு குழந்தைக்கு இன்னொருவரின் மஜ்ஜையைச் செலுத்தியது அதுவே முதல்முறை. இரண்டே ஆண்டுகளில் எட்டிய இந்த வளர்ச்சியை மனதாரப் பாராட்ட வேண்டும். தலசீமியா மரபணுவைச் சுமப்பவர்கள் நூற்றுக்கு எட்டுப் பேர் வரை இருக்கும் நாடு அது, தேவை பெரிது.

ஆனால் வார்டு கட்டியதும் வேலை முடிந்துவிடுவதில்லை. செல்கள் உள்ளே போன பிறகு வரும் ஓராண்டு, ஈராண்டுதான் உண்மையான சிகிச்சைக் காலம். அந்தக் காலத்தில் மருந்துக்கு இணையாக நிற்பது சாப்பாடு. அதைப் பற்றி வளைகுடாவிலும் யாரும் அதிகம் பேசுவதில்லை, நம் ஊரிலும் பேசுவதில்லை.

வார்டுக்கு வெளியே காத்திருக்கும் உறவினர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வி, “கவுன்ட் ஏறிருச்சா?” என்பதுதான். நியூட்ரோபில் என்னும் வெள்ளையணுக்கள் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500ஐத் தாண்டி மூன்று நாள் நிலைத்தால், புதிய மஜ்ஜை வேர்பிடித்துவிட்டது என்கிறார்கள். இரண்டு முதல் நான்கு வாரத்தில் இது நடந்துவிடும். இனிப்பு வாங்கிக் கொடுக்கும் குடும்பங்கள் உண்டு. அந்த மகிழ்ச்சி நியாயமானதே. என்றாலும் வந்திருப்பது காவல் படையின் முதல் வரிசை மட்டும்தான். கிருமியை அடையாளம் கண்டு நினைவில் வைத்துக்கொள்ளும் டி செல்கள் திரும்பி வர ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு ஆகும். அவற்றைப் பக்குவப்படுத்தும் தைமஸ் சுரப்பி நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கிறது. வயதாக ஆக அது சுருங்கிக்கொண்டே போவதால், குழந்தைக்கு விரைவில் வருவது நாற்பது வயதுக்காரருக்குத் தாமதமாகிறது. எதிர்ப்பொருள் செய்யும் பி செல்களும் ஓராண்டு, ஈராண்டு கேட்கும். சிறுவயதில் போட்ட தடுப்பூசிகளின் பலனும் பெரும்பாலும் அழிந்துபோகிறது. ஐம்பது வயதானவரும் போலியோவிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். தட்டம்மை போன்ற உயிருள்ள கிருமித் தடுப்பூசிக்கு வழக்கமாக இரண்டாண்டு காத்திருக்க வேண்டும். மல்டிபிள் மைலோமா போன்ற நோய்களுக்குச் சொந்த செல்லையே எடுத்துத் திரும்பச் செலுத்தும் சிகிச்சையில் மீட்சி விரைவு. இன்னொருவரின் செல் என்றால் பாதை நீளம்.

இந்த நீண்ட பாதையில் குடல் முதலில் அடிபடுகிறது. மஜ்ஜையை அழிக்கும் மருந்துக்கு வேகமாகப் பெருகும் செல்கள் எல்லாமே எதிரிதான்; வாயின் உள்தோலும் குடலின் உள்பூச்சும் வேகமாகப் பெருகுபவை. வாயெல்லாம் புண்ணாகி எச்சிலைக்கூட விழுங்க முடியாமல், வலி தணிக்க மார்பின் தேவைப்படும் நாட்கள் அவை. நாக்கில் எல்லாமே உலோகமாகச் சுவைக்கும். குடல் சுவர் மெலிந்து, உள்ளே வாழும் நுண்ணுயிர்கள் ரத்தத்துக்குள் கசியும். வாய் வழியாக எதுவும் போகாதபோது, கழுத்திலோ கையிலோ போட்ட ‘லைன்’ வழியாகச் சத்துத் திரவம் ஏற்றுவது எளிதாகத் தோன்றும். ஆனால் முடிந்தவரை வாய் வழியாக, முடியாவிட்டால் மூக்குக் குழாய் வழியாகக் குடலுக்கே உணவைக் கொடுங்கள் என்பதுதான் ஐரோப்பிய ஊட்டச்சத்து மருத்துவச் சங்கத்தின் பரிந்துரை. வேலை செய்யும் குடல்தான் தன் சுவரைக் காத்துக்கொள்ளும்.

அதற்கு வலுச்சேர்க்கும் ஆய்வு ஒன்று 2020இல் வெளியானது. நியூயார்க், டர்ஹாம், ஜெர்மனியின் ரீகன்ஸ்பர்க், ஜப்பானின் சப்போரோ ஆகிய நான்கு ஊர்களின் மையங்களில் 1,362 நோயாளிகளின் மலத்தை ஆராய்ந்தார்கள். குடலில் பல வகை நுண்ணுயிர்கள் நிறைந்திருந்தவர்களைவிட, ஒன்றிரண்டு வகை மட்டும் ஆக்கிரமித்திருந்தவர்களிடம் இறப்பு அதிகமாக இருந்தது. ஊருக்கு ஊர் உணவும் நுண்ணுயிரும் வேறு என்றாலும், நான்கு இடத்திலும் போக்கு ஒன்றாகவே இருந்தது. கிருமிக்கொல்லி மருந்தைத் தவிர்க்க முடியாத இந்த நோயாளிகளுக்கு, குடலின் பன்மையை மீட்க உதவும் வழிகளில் உணவும் ஒன்று.

ஆனால் பல மருத்துவமனைகள் டிஸ்சார்ஜ் நாளில் தரும் தாள் விலக்குப் பட்டியலாகவே இருக்கிறது. பழம் கூடாது, காய்கறி சாலட் கூடாது, தயிர் கூடாது, வெளியுணவு கூடாது. கூடாதவை ஒரு பக்கம் முழுக்க இருக்கும். சாப்பிட வேண்டியவை இரண்டு வரியில் முடிந்துவிடும். இத்தாலியில் 222 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு குழுவுக்குக் கடுமையான விலக்கு உணவும் மற்றதற்கு நன்கு கழுவிய பழம், காய் உள்ளிட்ட தாராள உணவும் கொடுத்துப் பார்த்தார்கள். 2023இல் வெளியான முடிவில், தொற்று இரு குழுக்களிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. எல்லா மையங்களும் இன்னும் ஒரே கருத்துக்கு வந்துவிடவில்லை. உங்கள் மருத்துவர் தடுத்ததை இந்தக் கட்டுரையைக் காட்டி மீறிவிடாதீர்கள். நான் வலியுறுத்துவது வேறு. பயத்தால் தட்டைக் காலியாக்குவதும் ஆபத்துதான். அறுபது கிலோ எடையுள்ளவருக்கு இந்தக் காலத்தில் நாளொன்றுக்குச் சுமார் 1,800 முதல் 2,100 கலோரியும் 75 முதல் 90 கிராம் புரதமும் வேண்டும். ஒரு இட்லியில் இரண்டு கிராம் அளவுக்குத்தான் புரதம். ‘லேசா சாப்பிடட்டும்’ என்று மூன்று வேளையும் இட்லி, ரசம் சாதம், கஞ்சி என்று கொடுத்தால் பாதிப் புரதம்கூடச் சேராது. உடல் தன் தசையைக் கரைத்துச் சமாளிக்கும். ஸ்டீராய்டும் சேர்ந்தால், மாடிப்படி ஏற முடியாத அளவுக்குத் தொடைத்தசை வற்றிப்போகும்.

நம் அடுக்களை இதற்குப் பொருத்தமான அடுக்களைதான். சாலடும் அரைவேக்காட்டு இறைச்சியும் பழகிய மேற்கத்திய நோயாளிக்கு இந்த விலக்குகள் பெரிய தண்டனை, நமக்கு அப்படியல்ல. ஆவியில் வெந்த இட்லியும் இடியாப்பமும், கொதிக்கக் கொதிக்க இறக்கிய சாம்பாரும், குழைய வேகவைத்த பருப்பும், மஞ்சள் கரு கெட்டிப்படும் வரை வெந்த முட்டையும், நன்றாக வெந்த மீன் குழம்பும் பாதுகாப்பானவை, சத்தானவை. சிக்கல் இருப்பது ஓரங்களில். காலையில் அரைத்த தேங்காய்ச் சட்னி மதியம் வரை மேசையில் இருக்கும். அதற்குப் பதில் வதக்கி அரைத்து உடனே பரிமாறும் தக்காளிச் சட்னி போதும். அடுப்பை அணைத்த பிறகு தூவும் கொத்தமல்லித்தழையையும் மிளகுத்தூளையும் குழம்பு கொதிக்கும்போதே போட்டுவிட வேண்டும். உறைமோர் ஊற்றிய வீட்டுத் தயிருக்குப் பதிலாக, பதப்படுத்திய பாலில் செய்த கம்பெனித் தயிரைப் பல மையங்கள் அனுமதிக்கின்றன. பழைய சோறு குடலுக்கு நல்லது என்பதை சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையே ஆராய எடுத்துக்கொண்டது. இருந்தாலும் வெள்ளையணு இல்லாத உடலுக்குள் உயிரோடு இருக்கும் நுண்ணுயிரை அனுப்பும் நேரம் இதுவல்ல. அதற்கும் ஒரு காலம் வரும், மருத்துவர் சொல்வார்.

இப்படி ஒரு தாளைத் தமிழில் எழுத ஒரு ஊட்டச்சத்து நிபுணருக்கு ஒரு நாள் போதும். அபுதாபியிலும் துபாயிலும் தமிழ் பேசும் நிபுணர்களுக்குப் பஞ்சமில்லை. தபூலே, ஹம்முஸ் போன்ற அரபு உணவுகளைத் தவிர்க்கச் சொல்லும் தாளை வைத்துக்கொண்டு, ராமநாதபுரத்துக்காரர் தன் மீன் குழம்பைப் பற்றி யாரிடம் கேட்பார்?

பாசத்தால் வரும் ஆபத்துகளையும் சொல்லியாக வேண்டும். நோயாளி வீடு திரும்பிய செய்தி ஊருக்குப் போனதும், துபாய் விமானத்தில் வரும் யாரோ ஒருவர் கையில் பொட்டலங்கள் வந்துசேரும். ‘எதிர்ப்பு சக்திக்கு’ சீந்தில் பொடி, நிலவேம்பு, ‘பிளேட்லெட் ஏற’ பப்பாளி இலைச் சாறு, ‘ரத்தம் ஊற’ சுவரொட்டியும் இரும்புச்சத்து டானிக்கும். அனுப்பியவர்களின் அன்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சீந்தில் சாப்பிட்ட ஆறு பேருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதை 2021இல் மும்பை மருத்துவர்கள் பதிவுசெய்தார்கள்; ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். பிறர் மஜ்ஜையைச் சுமப்பவரின் எதிர்ப்பு சக்தியை மருத்துவர்கள் சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் போன்ற மருந்துகளால் வேண்டுமென்றே அடக்கி வைத்திருக்கிறார்கள். இல்லாவிட்டால் புதிய செல்கள் நோயாளியின் தோலையும் குடலையும் கல்லீரலையும் தாக்கும். அந்த நிலையில் எதிர்ப்பைத் தூண்டிவிடுவதாகச் சொல்லும் எதையும், கல்லீரலைச் சீண்டக்கூடிய எதையும் கொடுப்பது நெருப்போடு விளையாடுவது. பம்பளிமாஸும் கிரேப்ஃப்ரூட்டும் இந்த மருந்துகளின் அளவை ரத்தத்தில் தாறுமாறாக ஏற்றிவிடும். வளைகுடா சூப்பர்மார்க்கெட்டுகளில் இரண்டும் குவிந்துகிடக்கின்றன.

இரும்புச்சத்து விஷயம் இன்னும் முக்கியம். தலசீமியா, அரிவாள் செல் நோயாளிகளில் பலருக்குப் பல ஆண்டுகள் ரத்தம் ஏற்றியிருப்பார்கள். ஒவ்வொரு பை ரத்தத்தோடும் இரும்பு சேர்ந்து, கல்லீரலிலும் இதயத்திலும் படிந்திருக்கும். அதை வெளியேற்றத்தான் அவர்களுக்கு மருந்தே கொடுக்கிறார்கள். ரத்தசோகை என்றாலே இரும்பு கொடு என்று பழகிய நம் கை, இவர்களிடம் நின்றாக வேண்டும்.

வளைகுடாவுக்கே உரிய சில விஷயங்கள். காய்ச்சாத ஒட்டகப் பால் அங்கே விருந்தோம்பலின் அடையாளம். புரூசெல்லா கிருமி அதில் வரும். 2012இல் சவுதியில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட மெர்ஸ் வைரஸும் ஒட்டகத்தோடு தொடர்புடையது. எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள் பச்சை ஒட்டகப் பாலைத் தொடவே கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரித்திருக்கிறது. ஷவர்மாவோடு வரும் வெள்ளை சாஸில் பச்சை முட்டை கலந்த மயோனைஸ் இருக்கலாம். தமிழக அரசு அதற்கு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை விதித்த காரணம் எல்லோருக்கும் பொருந்தும், இவர்களுக்கு நூறு மடங்கு பொருந்தும். மணல்காற்றும் ஓயாத கட்டுமானத் தூசியும் பூஞ்சை வித்துகளைச் சுமந்து வரும். நுரையீரல் பூஞ்சைத் தொற்று இவர்களின் உயிரைப் பறிக்கும் நோய்களில் ஒன்று. ரமலான் நோன்பு நோயாளிக்குக் கட்டாயமில்லை என்று மார்க்கமே சலுகை தந்திருக்கிறது. தண்ணீர் குறைந்தால் சைக்ளோஸ்போரின் சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்பதால், அந்தச் சலுகையைத் தயங்காமல் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

இவையெல்லாம் தனி சமையலறை உள்ளவர்களுக்குச் சொல்லக்கூடிய புத்திமதி. வளைகுடாத் தமிழர்களில் பெரும்பகுதியினர் அப்படி வாழவில்லை. துபாய் சோனாப்பூரிலோ ஷார்ஜா தொழிற்பேட்டையிலோ ஒரு தொழிலாளர் குடியிருப்பின் சமையலறையை நினைத்துப் பாருங்கள். வரிசையாக கேஸ் அடுப்புகள். ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் முறைவைத்துக் காத்திருப்பார்கள். காலையில் சமைத்ததே ராத்திரிக்கும். அறைக்கு ஒரு ஃப்ரிட்ஜ், அதில் ஆளுக்கு அரைத்தட்டு இடம். ஒருவரின் பச்சைக் கோழிக்குக் கீழே இன்னொருவரின் தயிர். மூலையில் இருபது லிட்டர் தண்ணீர் கேனைக் கவிழ்த்த டிஸ்பென்சர். அதன் குழாயைக் கடைசியாக யார் எப்போது கழுவினார்கள் என்று யாருக்கும் தெரியாது. ‘பெட் ஸ்பேஸ்’ எடுத்துத் தங்கும் நகரத்து ஊழியர்களின் நிலைமையும் ஏறக்குறைய இதுதான். கவுன்ட் ஏறியதும் ஒருவரை இந்த அறைக்கு அனுப்பிவைத்தால், பல லட்சம் செலவழித்து வளர்த்த மஜ்ஜையை நாமே கிருமிகளின் முன் வைக்கிறோம் என்று அர்த்தம்.

காப்பீடும் இதே இடத்தில்தான் கைவிடுகிறது. துபாயின் அடிப்படைக் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டு உச்சவரம்பு 1,50,000 திர்ஹாம். மாற்று சிகிச்சையே அதை விழுங்கிவிடும். பிறகு வரும் மருந்துக்கும் பரிசோதனைக்கும் சத்துணவுக்கும் என்ன மிஞ்சும்? ஆகவே பெரும்பாலோர் ஊர் திரும்புகிறார்கள். நோய் தெரிந்த உடனேயே விசாவை கேன்சல் செய்துகொண்டு விமானம் ஏறுபவர்கள்தான் அதிகம்.

திரும்பி வருவதில் ஒரு நன்மை உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. இந்தியாவில் இந்த சிகிச்சை 1983இல் மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் தொடங்கியது. மூன்றே ஆண்டுகளில் வேலூர் சிஎம்சியும் தொடங்கிவிட்டது. வேலூரைச் சுற்றி நாற்பதாண்டு அனுபவம் உருவாக்கிய ஒரு ஏற்பாடு இருக்கிறது. மருத்துவமனைக்கு அருகிலேயே மாத வாடகைக்கு அறைகள். ஒற்றை அடுப்பும் இரண்டு பாத்திரமும் சேர்த்தே வாடகைக்குக் கிடைக்கும். வங்காளத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வந்த தாய்மார்கள் அங்கே தங்கி, பிள்ளைக்கு மூன்று வேளையும் புதிதாகச் சமைத்து, மாதக்கணக்கில் ‘ரிவ்யூ’வுக்குப் போய்வருகிறார்கள். அந்தத் தனி அடுப்பு எவ்வளவு பெரிய மருத்துவ வசதி என்பதை அபுதாபியின் பளபளப்பான வார்டுகள் வேலூர் லாட்ஜிடம் கற்றுக்கொள்ள வேண்டும்.

இதில் அமீரகத்துக்கு மட்டும் கோரிக்கை வைத்துவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. மருத்துவச் சுற்றுலாவைப் பெரிய தொழிலாக வளர்க்க விரும்பும் நாடு, தன் கட்டடங்களைக் கட்டிக்கொடுத்தவர்களின் நோய் விடுப்புக்கு, மஜ்ஜை மாற்று சிகிச்சை, புற்றுநோய் போன்றவற்றுக்கு மட்டுமாவது, ஓராண்டு நீட்டிப்பு தரலாம். சம்பளம் இல்லாவிட்டாலும் விசாவும் காப்பீடும் நிலைத்தால் போதும். அதைக் கேட்கும் உரிமை இந்தியத் தூதரகத்துக்கு இருக்கிறது. 2009 முதல் இயங்கிவரும் இந்திய சமூக நல நிதி அவசரத்தில் இருப்போரின் மருத்துவச் செலவுக்கும் உதவுகிறது. சிகிச்சைக்குப் பிந்தைய தங்குமிடத்தையும் உணவையும் மருத்துவச் செலவாகவே கணக்கில் கொள்ளும்படி அதன் விதிகளை விரிக்க வேண்டும்.

தமிழக அரசு ஜனவரி 12ஐ அயலகத் தமிழர் தினமாகக் கொண்டாடுகிறது. அயலகத் தமிழர் நல வாரியமும் இருக்கிறது. வளைகுடாவிலிருந்து பாதிச் சிகிச்சையோடு திரும்புபவரை முதல்வரின் காப்பீட்டுத் திட்டத்தில் விமான நிலையத்திலேயே பதிவுசெய்து, மாவட்ட அரசு மருத்துவமனையின் ஊட்டச்சத்து நிபுணரோடு இணைத்துவிடுவது இந்த வாரியத்தால் முடியாத காரியமல்ல.

அபுதாபியிலும் துபாயிலும் ஷார்ஜாவிலும் தமிழ்ச் சங்கங்களும் ஊர்ச் சங்கங்களும் இஃப்தாரும் பொங்கலும் சிறப்பாக நடத்துகின்றன. அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மருத்துவமனைக்கு அருகே தனிச் சமையலறையும் தனிக் குளியலறையும் உள்ள ஒரே ஒரு அறையை ஆண்டு வாடகைக்கு எடுத்து வையுங்கள். நன்றாகக் கொதிக்கவைத்த தண்ணீரும் புதிதாகச் சமைத்த மூன்று வேளை உணவும் அங்கே கிடைக்கட்டும். முறைவைத்துச் சமைக்கக் குடும்பங்கள் முன்வரும். அடுத்த செயற்குழுக் கூட்டத்தின் பொருள்பட்டியலில் இதை முதலாவதாகச் சேருங்கள்.